எரிச்சல் திரும்பி வந்த வருடம்

கண்டி நகரத்தில் எங்களுக்கு ஒரு துணிக்கடை இருக்கிறது. அப்பா தொடங்கியது. அவருக்குப் பிறகு நான் நடத்தினேன். இப்போது என் மனைவி நடத்துகிறாள். என் கையிலிருந்து அவள் கைக்குக் கடை போனது எனக்கு வந்த ஒரு நோயால்தான்.

நோய்க்கு முந்திய என்னைத் தெரிந்தவர்கள் வாயாடி என்பார்கள். கடைக்கு வந்தவர்களிடம் சிங்களத்திலும் தமிழிலும் ஊர்க்கதை பேசாமல் துணி கிழித்துக் கொடுத்ததில்லை. விரலிடையில் ஒரு துணியைப் பிடித்துப் பார்த்தால் சாயம் நிற்குமா, சுருங்குமா என்று சொல்லிவிடுவேன். கோபமும் சட்டென்று வரும். குண்டசாலையில் எங்கள் வீட்டில், புளி கூடிவிட்டது, உப்பு குறைந்துவிட்டது என்று எதற்காவது நான் குரலை உயர்த்துவேன். மனைவி அதற்கு மேல் உயர்த்துவாள். அரை மணியில் இரண்டு பேரும் டீ குடித்துக்கொண்டிருப்போம்.

நாற்பத்தைந்து வயதை ஒட்டி அது வந்தது. நட்டமோ சாவோ எதுவும் நடந்திருக்கவில்லை. மகள் நன்றாகப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு காலை, கடை ஷட்டரின் முன் சாவியோடு நின்றேன். அதை ஏன் தூக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியவில்லை. கையில் பலம் இருந்தது. காரணம்தான் இல்லை. பக்கத்துக் கடைக்காரர், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணன், வந்து, "என்ன மொதலாளி, பூட்டு இறுகிப் போச்சா?" என்று கேட்டுத் தானே திறந்துவிட்டார். அதற்குப் பிறகு மெல்ல மெல்ல எல்லாமே அந்த ஷட்டர் மாதிரி ஆகிவிட்டது. பல் துலக்குவது, சோற்றை மெல்லுவது, மகள் கேட்டதற்குப் பதில் சொல்வது என்று எதற்கும் காரணம் கிடைக்கவில்லை.

துக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள். துக்கம் என்றால் அழலாம். எனக்கு அதுவும் வரவில்லை. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி உள்ளே முழுக்க ஒரே வெள்ளை. நான் இருப்பதும் இல்லாமல் போவதும் ஒன்றுதான் என்று பட்ட நாட்கள் வந்தன. அதை ஒரு நாள் வாய் தவறி மனைவியிடம் சொன்னேன். அன்றைக்கே என்னைக் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். அந்தக் கையை அவள் விடவில்லை. இந்தக் கதையில் நான் முதலில் நன்றி சொல்ல வேண்டியது அவளுக்குத்தான்.

மாத்திரைகள் பல மாறின. மயக்கமருந்து கொடுத்துத் தலைக்கு மின்சாரம் செலுத்தும் சிகிச்சையும் நடந்தது. வெளியில் அதைப் பற்றிப் பயங்கரமாகப் பேசுவார்கள். ஆனால் அதில் குணமாகி, பையைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடி வீட்டுக்குப் போனவர்களை அதே வார்டில் நான் பார்த்திருக்கிறேன். எனக்கும் இரண்டு தடவை வெளிச்சம் தெரிந்தது. இரண்டு தடவையும் சில மாதங்களில் மறுபடி உள்ளே போய்விட்டேன். மனைவி கதிர்காமத்துக்கு நேர்ந்துகொண்டாள், விரதம் இருந்தாள், அதோடு கடையையும் திறந்தாள். துணி வியாபாரம் தெரியாதவள், தப்பிலிருந்து தப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டாள். வருடங்கள் போயின.

என் மனநல வைத்தியர் ஒரு சிங்களப் பெண்மணி. என்னைவிட வயதில் இளையவர். பேச்சில் அவசரம் கிடையாது. ஒரு நாள் எங்கள் இருவரையும் உட்காரவைத்து, புதிதாக ஒன்று இருக்கிறது என்றார். மூளையின் ஆழத்தில் மெல்லிய இரண்டு கம்பிகளை வைப்பார்கள். நெஞ்சுத் தோலுக்குக் கீழே சின்ன பெட்டரி ஒன்று. காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் வயர் ஓடும். இரவும் பகலும் அதிலிருந்து ஒரு சிறிய மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். கை நடுக்க நோய்க்கு உலகத்தில் பல காலமாகச் செய்கிறார்கள். மனச்சோர்வுக்கு இன்னும் ஆராய்ச்சிதான். வெளிநாட்டிலிருந்து ஒரு சத்திரசிகிச்சை நிபுணர் குழுவோடு வருகிறார். சிலருக்குப் பலன் தருகிறது, சிலருக்குத் தருவதில்லை.

"மண்டையில ஓட்ட போடுவாங்களா?" என்று என் மனைவி சிங்களத்தில் கேட்டாள்.

"போடுவாங்க. ரெண்டு. ரத்தம் கசியலாம், கிருமி தொத்தலாம். எல்லாம் சொல்லித்தான் கேக்கிறேன்."

நான் உடனே சரி என்றேன். வைத்தியர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க சரிய நான் எடுத்துக்க மாட்டேன்," என்றார். "இப்ப கைய வெட்டணும்னு சொன்னாலும் நீங்க சரின்னுதான் சொல்வீங்க. வீட்டுக்குப் போய் யோசிச்சிட்டு வாங்க."

திரும்பப் போனோம். மறுபடியும் சரி என்றேன். மறுபடியும் திருப்பி அனுப்பினார். அடுத்த முறை ஒரு மண்டையோட்டுப் பொம்மையை மேசையில் வைத்து, எந்த இடத்தில் துளைப்பார்கள் என்று பேனாவால் தொட்டுக் காட்டினார். அந்தப் பேனா நுனியைப் பார்த்தபோது என் கை தானாகப் போய் என் தலையில் அதே இடத்தைப் பொத்திக்கொண்டது.

"எனக்குப் பயமா இருக்கு டொக்டர்," என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. "எத்தனை வருஷத்துக்குப் பிறகு எதையாவது கண்டு பயப்படுறீங்க? பயப்படுறவருக்கு உயிர் மேல கொஞ்சமாவது ஆசை இருக்கணும். இப்ப கேக்கிறேன். செய்யலாமா?"

பயத்தோடு சரி என்றேன். அந்தச் சரியை அவர் எடுத்துக்கொண்டார். யோசித்துப் பார்த்தால், எனக்கு நடந்த வைத்தியத்தில் பாதி அந்த அறையிலேயே நடந்துவிட்டது என்று தோன்றுகிறது.

சிகிச்சையின் முக்கியமான கட்டத்தில் நான் விழித்திருக்க வேண்டும் என்றார்கள். கம்பியில் மின்சாரம் விடும்போது மனதில் என்ன நடக்கிறது என்று நான்தான் சொல்ல வேண்டும். எனக்குச் சிங்களம் நன்றாக வரும் என்றேன். வைத்தியர் ஒத்துக்கொள்ளவில்லை. "துணி விக்கிற சிங்களம் வேற. இது வேற. நீங்க சின்ன வயசுல அழுத மொழியில சொல்லுங்க," என்று, தமிழ் பேசும் ஒரு இளம் டொக்டரை அனுப்பினார்.

அந்தப் பெண் யாழ்ப்பாணத்தவர். பேராதனையில் படித்துவிட்டு இங்கேயே வேலைக்கு வந்திருந்தார். என் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தினமும் கொஞ்ச நேரம் பேசினார்.

"ஐயா, நீங்கள் கதைக்கிற விதம் எனக்குப் பழகவேணும். ஒப்பரேசன் தியேட்டருக்குள்ள விளங்கேல்ல எண்டு நிக்க ஏலாது. சொல்லுங்கோ, உள்ளுக்குள்ள கவலையோ?"

"கவல இல்லம்மா. கவலப்படுறதுக்கு உள்ள ஒரு ஆள் வேணுமே. அந்த ஆளக் காணல."

"ஓம்," என்றார். "இப்ப விளங்குது."

அன்று காலை தலையை மொட்டை அடித்து, ஓர் இரும்பு வளையத்தை மரத்துப்போன நெற்றியில் பொருத்தி, தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள். தலையை அசைக்க முடியாது. துளைக்கும்போது வலி இல்லை. ஆனால் அந்தச் சத்தம் பல்லுக்குள் கேட்டது. முகத்துக்கு மேல் பச்சைத் துணியைக் கூடாரம் மாதிரிக் கட்டியிருந்தார்கள். அதற்குள் தலையை நீட்டி அந்த இளம் டொக்டர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். முகமூடிக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. என் கையைப் பிடித்திருந்தார்.

"பயப்பிடாதேங்கோ. நான் இஞ்சதான் இருப்பன். அவை கரண்ட் விடேக்க உங்களுக்குச் சொல்ல மாட்டினம். நான் கேட்டா மட்டும் சொல்லுங்கோ."

தலைக்குப் பின்னால் ஆங்கிலத்தில் ஏதோ பேசினார்கள்.

"இப்ப என்ன மாதிரி இருக்கு, ஐயா?"

"அப்படியேதான்."

"இப்ப?"

"அப்படியேதான் இருக்கும்மா."

இது நெடுநேரம் நடந்தது. எனக்கு அவர்கள் மேல்தான் இரக்கமாக இருந்தது. எங்கிருந்தோ விமானம் ஏறி வந்திருக்கிறார்களே என்று. இரக்கம் என்றுகூடச் சொல்ல முடியாது, இரக்கப்பட வேண்டும் என்ற ஞாபகம்.

பிறகு ஒரு கணத்தில், என் கண்ணுக்கு மேலே இருந்த துணி எனக்குத் தெரிந்தது. அவ்வளவு நேரமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் கிடந்தேன். ஆனால் அப்போதுதான் தெரிந்தது.

"இப்ப எப்பிடி, ஐயா?"

"இது என்னம்மா துணி?" என்றேன். "நூல் ரொம்பத் தளர்வா இருக்கு. ரெண்டு தரம் தோச்சா வெளுத்துரும். யாரு வாங்குனது இத?"

அவர் கண்கள் பெரிதாயின. பின்னாலிருந்து நிபுணர் என்ன என்று கேட்டார். அந்த இளம் டொக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னார். சுவரோரம் நின்றிருந்த என் வைத்தியரின் குரல் கேட்டது. "குறை சொல்றாரா? அவரா?"

கொஞ்ச நேரம் போனது. "ஐயா, துணி இப்ப எப்பிடி?" என்றார் இளம் டொக்டர்.

பார்த்தேன். "துணிதான். ஏன்?"

மறுபடி கொஞ்ச நேரம். "இப்ப?"

"வெளுக்கும்மா. சந்தேகமே இல்ல. நல்ல பருத்தியில எடுக்கச் சொல்லுங்க."

நடுவில் மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் திரும்பவும் விட்டிருக்கிறார்கள் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. சந்தோஷமா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் ஒரு பொருள் நன்றாக இருக்கிறதா, இல்லையா என்பது பல வருடங்களுக்குப் பிறகு எனக்கு ஒரு விஷயமாகப் பட்டிருந்தது.

தியேட்டரில் தெரிந்தது வீட்டுக்கு வரவில்லை. காயம் ஆறும்வரை பெட்டரியை ஓடவிடவில்லை. ஓடவிட்ட பிறகும் வாரக்கணக்கில் பழைய வெள்ளைச் சுவர்தான். மனைவி எதுவும் கேட்காமல் முகத்தை மட்டும் பார்ப்பாள். "பலிக்கல," என்று நானே சொன்னேன். "பலிக்கும், பொறுங்க," என்றாள். கிளினிக்கில் அந்த இளம் டொக்டர் கைபேசி மாதிரி ஒரு கருவியை என் நெஞ்சருகே பிடித்து, அளவைக் கூட்டிக் குறைப்பார். வீட்டுக்கு அனுப்புவார். மறுபடி போவோம். பஸ்ஸில் மனைவி ஜன்னல் பக்கம் என்னை உட்காரவைப்பாள். வெளியில் மகாவலி ஓடும். நான் பார்ப்பேன். அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பல்லேகலையில் கிரிக்கெட் போட்டி. எங்கள் வீதி முழுக்க வாகனங்கள், ஹோர்ன் சத்தம். மனைவி தேங்காய் ரொட்டி சுட்டு, வழக்கம்போல் சின்னச் சின்னத் துண்டாகப் பிய்த்து, கட்டைச் சம்பலோடு தட்டில் வைத்தாள். "ஒரு வாய் எடுத்துக்குங்க, ராசா," என்றாள்.

"ஏன் இதப் பிச்சுப் பிச்சு வைக்கிற?" என்றேன். "எனக்குக் கை இல்லையா? காக்காக்கு வைக்கிற மாதிரி!"

அவள் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. "என்ன சொன்னீங்க?"

"ரொட்டிய முழுசா வைக்கத் தெரியாதான்னு கேட்டேன்."

கதிரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். மனதைப் புண்படுத்திவிட்டேன் என்று பதறிப் போனேன். பதறினேன் என்பதையும் கவனித்தேன். சமாதானம் சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் நிமிர்ந்தாள்.

"காக்காக்கு வைக்கிறேனா? வாயில வச்சத முழுங்காம மணிக்கணக்கா உக்காந்திருந்தது யாரு? பிச்சு வைக்காம வேற என்ன பண்றது? ஒரு நாள், ஒரு நாளாவது நல்லா இருக்கு, நல்லா இல்லன்னு சொன்னீங்களா? சுவத்துக்குச் சோறு போட்ட மாதிரிப் போட்டேனே!"

வருடக்கணக்கில் அடக்கிவைத்திருந்ததையெல்லாம் கொட்டினாள். நானும் விடவில்லை. சம்பலில் மாசிக் கருவாடு போதாது என்றேன். சத்தம் கேட்டு மகள் அறையிலிருந்து ஓடிவந்து வாசலில் நின்றாள். பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்தவள் அதற்குள் கம்பஸ் போகத் தொடங்கியிருந்தாள்.

"சண்ட போடுறீங்களா ரெண்டு பேரும்?" என்று நம்ப முடியாமல் கேட்டாள்.

"ஆமா. நீ உள்ள போ," என்றாள் தாய், கண்ணீரும் சிரிப்புமாக. "இன்னும் முடியல. நீங்க சொல்லுங்க, சம்பலுக்கு என்ன கொற?"

அடுத்த கிளினிக்கில் மனைவி இதைப் பெரிய வெற்றியாகச் சொன்னாள். வைத்தியர் உடனே மகிழ்ந்துவிடவில்லை. தூக்கம் எப்படி, பேச்சு வேகமாகிவிட்டதா, கண்டதையெல்லாம் வாங்கத் தோன்றுகிறதா என்று விசாரித்தார். மின்சாரம் கூடிவிட்டால் மனம் மறுபக்கம் தாவிவிடுமாம். கடைசியில் என் மனைவியைப் பார்த்து, "இவர் நோய்க்கு முந்தியும் இப்படித்தானா?" என்று கேட்டார்.

"இதவிட மோசம், டொக்டர்."

அப்போதுதான் அவர் சிரித்தார்.

அதற்குப் பிறகு எரிச்சல் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. ஒழுகும் குழாய், சொன்ன நேரத்துக்கு வராத த்ரீவீல், குளித்த ஈரத்தைத் துடைக்காத மகள் என்று எல்லாவற்றுக்கும். எரிச்சலுக்குப் பின்னால், கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டு வந்த விருந்தாளிகள் மாதிரி, ருசியும் சிரிப்பும் வந்தன. ஒரு மழை நின்ற மாலையில் நானாகவே ஒரு டீ போட்டுக் குடிக்க உட்கார்ந்தேன். இஞ்சி தட்டிப் போட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. எழுந்து போய்த் தட்டிப் போட்டேன். வேறு யாருக்கும் அது ஒரு செய்தியே அல்ல.

கடைக்குத் திரும்பியதுதான் சுலபமாக இருக்கவில்லை. அப்பாவின் பெரிய மேசையை அவள் எடுத்துவிட்டிருந்தாள். பாதிக் கடை தைத்த உடுப்புகள். அபாயாவுக்கு ஒரு தனி அலுமாரி. நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அலுமாரியைத் தேடிக்கொண்டு மூன்று பெண்கள் வந்துவிட்டார்கள். வாடிக்கைக்காரர் ஒருவர் என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, "மிஸ் இல்லையா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது.

அன்று சாயங்காலம் மனைவி கேட்டாள். "கடையத் திருப்பித் தரணுமா? சொல்லிருங்க."

அவள் குரலில் இருந்த பயத்தை என்னால் கேட்க முடிந்தது. முன்பு கேட்டிருக்காது. அவள் இதை எனக்காகத் தொடங்கி, எப்போதோ தனக்காக விரும்பத் தொடங்கியிருந்தாள்.

"வேணாம்," என்றேன். "நீ என்னவிட நல்லா நடத்துற. எனக்கு ஒரு கதிரை போதும். வேல சொல்லு."

மீட்டர் துணிப் பக்கத்தை எனக்குக் கொடுத்தாள். இப்போது அவள்தான் முதலாளி. பக்கத்துக் கடை நானா மட்டும் இன்னும் என்னையே அப்படிக் கூப்பிடுகிறார். நான் திருத்துவதில்லை.

மகள் ஒரு நாள் கேட்டாள். "அப்பா, கோவிச்சுக்காதீங்க. இப்ப பேசுறது, சிரிக்கிறது எல்லாம் நீங்களா, பெட்டரியா?"

கோபம் வரவில்லை. எனக்கும் இருந்த கேள்விதான். "சரியாத் தெரியாதும்மா," என்றேன். "ஆனா அன்னைக்கு ரொட்டிக்குக் கோவப்பட்டது நான்தான். ரொட்டியப் பத்திப் பெட்டரிக்கு என்ன தெரியும்?"

முழுக்கக் குணமாகிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். மாத்திரைகள் இன்னும் உண்டு. சில வாரங்களில் அந்த வெள்ளை, சுவரோரம் வந்து நின்று பார்த்துவிட்டுப் போகும். அதே சிகிச்சை செய்துகொண்ட இன்னொருவருக்குப் பலன் கிடைக்கவில்லை. அவரைக் கிளினிக்கில் காணும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். எனக்கு வாய்த்தது அவருக்கு ஏன் வாய்க்கவில்லை என்று வைத்தியரிடம் கேட்டேன். தெரியாது என்றார். அந்த நேர்மைக்கும் நன்றி சொல்லத்தான் வேண்டும்.

இளம் டொக்டர் மாற்றலாகி வடக்குக்குப் போய்விட்டார். கடைசி நாளில், "உங்களுக்கு நான் என்ன சொல்றதுன்னு தெரியலம்மா," என்றேன். "ஒண்டும் சொல்ல வேண்டாம், ஐயா. நல்லாச் சண்டை பிடியுங்கோ," என்றார்.

போன சித்திரைப் புதுவருட விடுமுறைக்குப் பிறகு என் மனைவி மகளையும் கூட்டிக்கொண்டு, தன் தங்கை குடும்பத்தோடு திருகோணமலைக்குக் கடல் பார்க்கப் போனாள். நான் நோயில் விழுந்த பிறகு அவள் என்னை விட்டு ஓர் இரவும் வெளியில் தங்கியதில்லை. பஸ் ஏறும்வரை சொல்லிக்கொண்டே இருந்தாள். மாத்திரை இங்கே, பருப்பு அங்கே, ஒரு மாதிரி இருந்தால் உடனே கூப்பிடுங்க. பஸ் தம்புள்ளையைத் தாண்டுவதற்குள் இரண்டு தடவை அவளே கூப்பிட்டுவிட்டாள். போய் இறங்கியதும் கூப்பிட்டாள். சாப்பிட்டீங்களா, என்ன சாப்பிட்டீங்க, குரல் ஏன் அப்படி இருக்கு?

"குரல் எப்பவும் இப்படித்தான். போய்க் கடலப் பாரு."

மறுநாள் காலையில் அழைப்பு வரவில்லை. கடையைத் திறந்தேன். மத்தியானமும் வரவில்லை. போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன். எனக்குக் கொஞ்சம் குறையாகக்கூட இருந்தது. வீட்டுக்கு வந்து சோறு வைத்து, பருப்பை அடிப்பிடிக்கவிட்டு, அதையும் சாப்பிட்டு முடித்தேன். இருட்டும் நேரத்தில்தான் கூப்பிட்டாள். பின்னால் பிள்ளைகள் கத்துவதும் அலைச் சத்தமும் கேட்டன.

"ஐயோ, என்னங்க! இன்னைக்கு முழுக்க உங்கள மறந்தே போனேன். தண்ணியில எறங்கினோம், ஏறவே மனசு வரல. கோவமா?"

அந்த வீட்டில், அடிப்பிடித்த சட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, அவள் சொன்னதை மறுபடி ஒரு தரம் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். இத்தனை வருடமும் தூக்கத்திலும் என் மேல் ஒரு கண்ணை வைத்திருந்தவள், ஒரு பகல் முழுக்க என்னை மறந்திருந்தாள். மறந்துவிடக்கூடிய ஒரு மனிதனாக நான் ஆகியிருந்தேன்.

"கோவமில்ல," என்றேன். "நாளைக்கும் எறங்கு."